தெருமுனையில் பிராந்திக்கடை! அருவிக்கரையில் பாட்டில்!

மாலை 6 மணி. தென்காசியில் டவுன் பஸ் வந்து நிற்கிறது. ஆபீஸ் முடிந்த குமாஸ்தாக்கள் இறங்குகிறார்கள். டியூஷன் விட்டு வரும் மாணவிகள் இறங்குகிறார்கள். பீடியை ஒப்படைத்துவிட்டு, தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் இறங்குகிறார்கள்.

நேர்வழியில் நடந்தால் வீட்டுக்கு 2 நிமிஷம்தான். ஆனாலும் பெண்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள்.

காரணம் யாருக்கும் தெரியாததல்ல. தெருமுனையில் பிராந்திக்கடை!

தென்காசியில் ஒரு தெருவுக்கு மட்டும் உள்ள கதை அல்ல இது. டாஸ்மாக் கடை உள்ள எந்தத் தெருமுனையிலும், எந்த ஊரிலும் இதே கதைதான். சுற்றிப் போகிற பெண்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. கடையில் எத்தனை பெட்டி விற்றது என்ற கணக்கு மட்டும் தினமும் ராத்திரி சரியாக எடுக்கப்படுகிறது.

பெண்கள் சுற்றிப் போனால் நஷ்டம் அவர்கள் காலுக்கு மட்டும்தானா? அந்த முனையில் வளையல் கடை வைத்திருப்பவருக்கு நஷ்டம். ஜாக்கெட் தைக்கும் டெய்லருக்கு நஷ்டம். பூக்காரம்மாவுக்கு நஷ்டம். பலசரக்குக்கடை அண்ணாச்சிக்கு நஷ்டம். பெண்கள் கால் வைக்காத தெருவில் எந்த வியாபாரம் நடக்கும்?

ரோட்டில் இருந்து தெருவுக்கு

இந்தக் கடைகள் தெருமுனைக்கு வந்தது எப்படி?

இந்தியாவிலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்தது 1937-ம் ஆண்டு சேலம் மாவட்டத்தில். ராஜாஜி மந்திரிசபை கொண்டு வந்தது. 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தி.மு.க. ஆட்சியில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் அ.தி.மு.க. ஆட்சியில் மீண்டும் எடுக்கப்பட்டது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பர் கடைசியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது.

அதாவது, கடையைத் திறந்ததில் ஒரு கட்சிக்கு மட்டும் பங்கு என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி உயிரைவிடுவதைத் தடுக்க வந்த நல்ல தீர்ப்பு அது. வழக்குக்கு மூலமும் தமிழ்நாடுதான். 20 ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள ஊர்களுக்கு தூரம் 220 மீட்டர் என்று பிறகு குறைக்கப்பட்டது.

2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் பூட்டப்பட்டன. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மெயின் ரோட்டில் மூடிய கடைக்கு உள்ளே தெருவில் இடம் தேடினார்கள். வீடுகளுக்கு நடுவே பெட்டிகள் வந்து இறங்கின.

அதுவரை போராட்டத்துக்கே வராத பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணை போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது.

2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு விளக்கம் சொன்னது. நகராட்சி எல்லைக்குள் இந்த 500 மீட்டர் தடை பொருந்தாது என்றது. ரோட்டோரத்துக்கு வழி மீண்டும் திறந்தது. அதற்காக, தெருவுக்குள் வந்த கடைகள் எல்லாம் தெருவை விட்டுப் போய்விட்டனவா?

50 மீட்டர் கணக்கு

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளில் ஒரு தூரக்கணக்கு இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிகளில் கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் இந்தக் கணக்கும் கிடையாது.

தென்காசி நகராட்சி. ஆகவே அங்கே 50 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குற்றாலம் பேரூராட்சி. ஆகவே அங்கே 100 மீட்டர். தென்காசிப் பிள்ளைக்கு பாதி பாதுகாப்பு போதுமா?

50 மீட்டர் என்றால் எவ்வளவு? நாலைந்து பஸ்களை வரிசையாக நிறுத்தினால் தீர்ந்துபோகும். ராத்திரி 8 மணிக்கு கடை வாசலில் போடும் கூச்சல் அதைவிட நாலு மடங்கு தூரம் கேட்கும்!

அந்த விதியில் கோவில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? பஸ் நிறுத்தம்? பீடிப் பெண்கள் நடக்கும் பாதை? தெருக்குழாய்? அருவிக்குப் போகும் வழி? இவற்றுக்கெல்லாம் அதில் இடம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் கடை இருந்தால் சட்டம் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு பிள்ளை நடந்து வரும் வழியில் இருந்தால் கேட்காது.

2015 ஜூலை 31-ந் தேதி குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் காந்தியவாதி சசிபெருமாள் உயிரை விட்டார். பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் அருகே இருந்த ஒரே ஒரு கடையை மாற்றச் சொல்லித்தான் அவர் செல்போன் கோபுரத்தில் ஏறினார். ஒரு கடையை இடம் மாற்ற ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

சாரல் அடிக்கும்போது...

குற்றாலத்துக்கு வருவோம்.

ஜூன் மாதம் மேற்கே மேகம் கூடி சாரல் விழுந்துவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று கூட்டம் அலைமோதும். நெல்லை, மதுரை, சென்னை மட்டுமல்ல, மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம், திருவனந்தபுரத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம்.

குற்றாலத்துக்காரர்கள் வருஷம் முழுவதும் சாப்பிடும் சோறு இந்த மூன்று மாதத்தில்தான் வேகிறது. மங்குஸ்தான், ரம்புட்டான் விற்பவர்கள், நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், துண்டு, பொம்மை விற்பவர்கள், லாட்ஜ் பையன்கள், ஆட்டோக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கான அடுப்புகள் அருவித் தண்ணீரை நம்பி எரிகின்றன.

இவர்களுக்கு வேண்டிய வாடிக்கையாளர் யார்? பெண்டு பிள்ளைகளோடு வருகிறவர்தான். அவர்தான் பழம் வாங்குவார், சிப்ஸ் வாங்குவார், பிள்ளைக்குப் பொம்மை வாங்குவார், ரூம் போட்டு இரண்டு நாள் தங்குவார்.

பாட்டிலோடு வரும் கும்பல் என்ன வாங்கும்? நாலு பிளாஸ்டிக் டம்ளர், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் மிக்சர்! குடித்துவிட்டு அருவியில் நின்று தகராறு. பெண்கள் குளிக்கும் பக்கம் எட்டிப் பார்த்துக் கூச்சல். அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் குற்றாலத்துக்கு வருமா? வேறு ஊர் பார்த்துப் போய்விடும். நஷ்டம் பழக்கடைக்காரருக்கு.

கண்ணாடிச் சில்லு இன்னொரு கொடுமை. குற்றாலத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கும் இடம் அருவிக்கரை. அங்கே பாறையில் பாட்டிலை உடைத்தால் யார் காலில் குத்தும்? பிள்ளைகள் காலில் குத்தும். மலைமேல் வீசினால் காட்டு விலங்கின் காலில் குத்தும். பாட்டிலுக்கு வசூலாகும் வரி மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது. பாட்டிலைப் பொறுக்கும் வேலை பேரூராட்சி தூய்மைப் பணியாளர் தலையில் விழுகிறது.

உயிர் பயமும் உண்டு. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் பலியானான். குடிக்கும் அந்தச் சம்பவத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால், மலையில் பெய்யும் மழை நொடியில் வெள்ளமாக வந்து இறங்கும் என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள். தெளிந்த புத்தியோடு இருப்பவனே தப்பி ஓட வேண்டிய இடத்தில், தள்ளாடுகிறவன் கதி என்ன? அவனைத் தூக்க இறங்குகிறவன் கதி என்ன?

"கடை இருந்தா ஏவாரம் நடக்கும்லா?"

பஜாரில் சிலர் இப்படியும் கேட்பதுண்டு. "பிராந்திக்கடை இருந்தா நாலு பேரு வருவான், நமக்கும் ஏவாரம் நடக்கும்லா?"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2024 பிப்ரவரியில் விலை ஏறியபோது சாதாரண ரக குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. தினம் ஒரு குவார்ட்டர் என்றால் 30 நாளைக்கு 4 ஆயிரத்து 200 ரூபாய். இது குறைந்த கணக்கு. சைடு டிஷ், சிகரெட், மறுநாள் வேலைக்குப் போகாத கூலி எதுவும் இதில் சேரவில்லை.

அந்த 4 ஆயிரத்து 200 ரூபாய் வீட்டுக்கு வந்திருந்தால் எங்கே போயிருக்கும்? பலசரக்குக்கடை பாக்கி தீர்ந்திருக்கும். பால்காரருக்குப் போயிருக்கும். கூலக்கடை பஜாரிலோ, சுவாமி சன்னதி பஜாரிலோ பிள்ளைக்கு ஒரு சட்டையாக மாறியிருக்கும். தென்காசியிலேயே நாலு கை மாறியிருக்கும். பிராந்திக்கடையில் கொடுத்த பணத்தில் பெரும் பகுதி அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. கடை வாசலில் ஆம்லெட் போடுகிறவருக்கு மிஞ்சுவது சில்லறை.

2003-04-ம் ஆண்டில் மது மூலம் அரசுக்கு வந்தது சுமார் 3 ஆயிரத்து 600 கோடி ரூபாய். 2023-24-ல் அது 45 ஆயிரத்து 855 கோடி ரூபாய். இந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கிறது என்பது உண்மைதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயும் அரசின் கஜானாவில் இருந்துதான் வந்தது. மனைவி கையில் ஆயிரம் வந்தது. கணவன் கையில் இருந்து 4 ஆயிரம் போனது. வீட்டுக்கணக்கு இப்படித்தான் முடிகிறது.

மூடினால் கள்ளச்சாராயமா?

"எல்லாவற்றையும் மூடினால் கள்ளச்சாராயம் வரும்" என்கிறார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்துக்குப் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த இரண்டு சமயத்திலும் டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடை இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்ற வாதம் அங்கேயே உடைந்துபோனது.

முழு மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய விவாதம். அது சட்டசபையில் நடக்கட்டும். தெருவில் இருப்பவர்கள் கேட்பது சின்ன விஷயம். வீட்டு வாசலில் கடை வேண்டாம். பஸ் இறங்கும் இடத்தில் வேண்டாம். அருவிக்குப் போகும் பாதையில் வேண்டாம். இதைச் செய்ய சட்டசபை கூட வேண்டியதில்லை. கலெக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

மனசு இருந்தால் மூடவும் முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023 ஜூனில் 500 கடை என்று அரசே மூடியது. கடை திறக்கும் நேரம் காலை 10 மணியில் இருந்து பகல் 12 மணிக்கு 2016-ல் மாறியது. அரசாங்கம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

அமெரிக்காவிலும் இதே பாடு

தெருமுனை மதுக்கடைத் தொல்லை தென்காசிக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெற்குப் பகுதி ஏழைகள் வாழும் இடம். அங்கே தெருவுக்குத் தெரு மதுக்கடை. மளிகைக்கடையைத் தேடித்தான் போக வேண்டும். 1992-ல் நடந்த பெரிய கலவரத்தில் சுமார் 200 மதுக்கடைகள் எரிந்தன.

அப்பகுதி மக்கள் ஒன்று சேர்ந்தார்கள். "எரிந்த கடையைத் திரும்பத் திறக்காதே. சலவைக்கடை வை, மளிகைக்கடை வை" என்று வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கினார்கள். திறந்தே ஆக வேண்டும் என்றவர்களுக்கு காவலாள், வெளிச்சம், நேரக்கட்டுப்பாடு என்று நகராட்சி நிபந்தனை போட்டது. எரிந்த கடைகளில் பெரும்பாலானவை திரும்ப மதுக்கடையாகத் திறக்கவில்லை. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய கேரன் பாஸ் என்ற பெண்மணி, 2022-ல் அந்த நகரத்துக்கே மேயரானார்.

அங்கேயும் ஒரு சங்கடம் இருந்தது. கடைக்காரர்களில் பலர் கொரியாவில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சேர்த்ததை எல்லாம் கடையில் போட்டவர்கள். "எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்களில் வேறு கடைக்கு மாற முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

தென்காசிக்கும் அதில் பாடம் உண்டு. மூடச் சொல்வது பாதி வேலை. மூடிய இடத்தில் என்ன வரவேண்டும் என்று சொல்வது மீதி வேலை.

என்ன செய்யலாம்?

முதலாவது, இடம். டாஸ்மாக் கடைகள் பெரும்பாலும் தனியார் கட்டிடத்தில் வாடகைக்கு நடக்கின்றன. கட்டிடக்காரர் சம்மதிக்காமல் கடை வராது. கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டு இடம் கொடுக்கிறவரும் அதே ஊர்க்காரர்தான். அவரிடம் தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து போய்ப் பேசலாம். வியாபாரிகள் சங்கமே நல்ல வாடகைதாரரைத் தேடிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கேட்கும் சபை. கிராமங்களுக்கு கிராமசபை உண்டு. நகராட்சி, பேரூராட்சிகளில் 2022 முதல் ஏரியா சபை வந்தது. கடை வருமுன் அந்தச் சபையில் கேட்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட வேண்டும். பெண்கள் கை தூக்கிச் சொல்லட்டும். தென்காசி 2019 நவம்பர் 22-ந் தேதி தனி மாவட்டம் ஆனது. மனு கொடுக்க நெல்லைக்கு பஸ் ஏற வேண்டிய கஷ்டம் போய்விட்டது. கலெக்டர் ஆபீசு பக்கத்திலேயே வந்தும் மனு மட்டும் நகரவில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

மூன்றாவது, பாட்டில். நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம் ஐகோர்ட்டு உத்தரவுப்படி ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாயைத் திருப்பித் தருவது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் போனது. குற்றால மலைக்கு இது ஒழுங்காக நடக்கிறதா என்று சீசனுக்கு முன்பே அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

நான்காவது, வியாபாரம். கடை போன முனையில் முதலில் ஒரு நல்ல விளக்கு எரிய வேண்டும். கக்கூஸ், குடிதண்ணீர் வேண்டும். பெண்கள் திரும்ப நடக்க ஆரம்பித்தால் வியாபாரம் தானாக வரும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அந்த இடங்களில் கடை ஒதுக்கலாம். பாவூர்சத்திரம் காய்கறி, புளியங்குடி எலுமிச்சை, சங்கரன்கோவில் கைலி, துண்டு என்று மாவட்டத்துச் சரக்கையே விற்கலாம். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டையும், விற்க ஓர் இடமும் கிடைக்க வேண்டும். சீசனில் குற்றாலத்தில் இடத்துக்காக அடித்துக்கொள்வது ஓயும்.

ஐந்தாவது, மனிதர்கள். டாஸ்மாக்கில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். பட்டம் படித்தவர்களும் உண்டு. கடை மூடினால் அவர்களை வேறு அரசு வேலைக்கு மாற்ற வேண்டும். குடிக்கு அடிமையானவரைத் தெருவில் ஏசுவதால் அவர் திருந்திவிட மாட்டார். தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் குடிநோய் சிகிச்சையை எந்த நாளில் கேட்டாலும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். அவரும் யாரோ ஒரு வீட்டு அப்பாதான்.

பெரிய ஆசை அல்ல

அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. அது எப்போது வருமோ, அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாளைக்கும் மாலை 6 மணிக்கு டவுன் பஸ் வரும்.

பஸ்ஸை விட்டு இறங்கி, நேர்வழியில் நடந்து, முனைக்கடையில் கால் கிலோ சீனி வாங்கிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர வேண்டும். தென்காசித் தாய்மார்கள் கேட்பது இவ்வளவுதான்.

அருவியில் குளித்துவிட்டு, வெறுங்காலோடு பாறையில் நடந்து, பிள்ளை காலில் சில்லு குத்தாமல் ரூமுக்குத் திரும்ப வேண்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கேட்பதும் இவ்வளவுதான்.

அடுத்த சாரல் விழுமுன் அதிகாரிகள் ஒரு நாள் மாலை ஜீப்பை விட்டு இறங்கி, அந்தத் தெருமுனை வழியாக நடந்து பார்க்கட்டும். கூடவே வீட்டுப் பெண்களையும் அழைத்து வரட்டும். அவர்கள் நேர்வழியில் வருகிறார்களா, சுற்றிப் போகிறார்களா என்று பார்த்துவிட்டு உத்தரவு போடட்டும்!